சைலன்சர் சிரித்த ஊர்கள்

லிஃப்ட் மெக்கானிக் பணி ஓய்வு பெறும்வரை சொந்த ஊரைத் தாண்டி ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. ஆனாலும், கேம்பர் வேனில் மனைவியோடு கிளம்பி, மலைகளைக் கடந்து அவர் போய் இறங்கிய முதல் ஊரிலேயே முடிவெட்டும் கடைக்காரர் வாசலுக்கு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார், போன மாசம் பாதியில எழுந்து போயிட்டீங்க, இடது பக்கம் இன்னும் பாக்கி இருக்கே" என்றார். மனைவி திரும்பிப் பார்த்தாள். இடது காதோரத்து முடி வலது பக்கத்தைவிட ஒரு விரற்கடை நீளமாகத்தான் இருந்தது. மெக்கானிக் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பாக்கி வெட்டி முடிக்கப்பட்டது.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் மூக்குத்தண்டையும் காதுமடலையும் தொட்டுப் பார்த்து ஃபிரேமை வளைத்துக் கொடுப்பாள். ஒருமுறை தொட்ட முகத்தை மறக்கமாட்டாள். அவள் கணவரை உடன் வேலை பார்த்தவர்கள் சைலன்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி மாடியில் சிக்கிக்கொண்டு உள்ளே கத்துகிறவர்களிடம்கூட அவர் "வர்றேன்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் செலவழித்ததில்லை. வீட்டிலும் அதே கதைதான். கல்யாணமான புதிதில் அவள் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள், பிறகு சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு ரேடியோ வாங்கினாள். ஓய்வு பெற்றதும் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்த பழைய வேன் ஒன்றை வாங்கலாம், நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகலாம் என்று சொன்னது அவள்தான். "அந்த நாலு சக்கரத்துக்கு மேல எங்கடி ஓடி ஒளிய முடியும்? பேசித்தானே ஆகணும்" என்று தங்கையிடம் கணக்குப் போட்டிருந்தாள்.

அடுத்த ஊரில் சலவைக் கடைக்காரி அவர்கள் கேட்காமலேயே மடித்த நீலச் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். அளவு அவருடையது. கழுத்துக்குக் கீழே இரண்டாவது பொத்தான் மட்டும் பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக் வீட்டில் பச்சை நூல் என்றுமே இருந்ததில்லை. அதற்கடுத்த ஊரில் பேக்கரிக்காரர் அவரைப் பார்த்ததுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அந்த வழுக்கைத் தலை மேனேஜரும் லிஃப்ட் கதவும் கதையை இன்னொருவாட்டி சொல்லுங்க சார்" என்று கெஞ்சினார். மெக்கானிக் காது சிவக்க நின்றார். பேக்கரிக்காரர் மனைவியின் பக்கம் திரும்பி, "நீங்க சாரோட அக்காங்களா?" என்று கேட்டார். அவள் ரொட்டியை வாங்காமலே வெளியே வந்துவிட்டாள்.

வேனுக்குள் மடக்கு மேசைக்கு இருபுறமும் இருவரும் உட்கார்ந்தார்கள். முழங்காலோடு முழங்கால் இடிக்கும் இடம் அது.

"எப்ப வந்தீங்க இங்க?"

"வரல."

"பச்சை நூல்ல யார் தைச்சது?"

"தெரியல."

"அந்த மேனேஜர் கதை என்ன? இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒருநாள் சொல்லியிருக்கீங்களா?"

"நான் வரலம்மா. சத்தியமா வரல" என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு. ஆனால் பொய் சொல்கிறவன்தான் சத்தியம் செய்வான் என்று அவளுக்குத் தோன்றியது. வேலைக்குப் போன மனுஷன் ஒரு பெட்டிக்குள் நுழைந்து கதவை மூடிக்கொண்டால் எந்த மாடியில் போய் இறங்கினான் என்று வெளியே நிற்கிறவளுக்கு எப்படித் தெரியும்? தொலைபேசி மணி அடித்ததும் கருவிப்பையோடு அவர் கிளம்பிப்போன ஒவ்வொரு நாளையும் அவள் மனதில் மறுபடி கிளறினாள். ஒவ்வொரு நாளும் அவர் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பியிருந்தார். அதுவே அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அதன்பிறகு அவள் பாதையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வரைபடத்தைத் திறக்காமலே சரியான தெருவில் திரும்பினார். புது ஊரின் கழிப்பறையில் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. பெரிய ஏரிக்கரை ஊருக்கு வந்தபோது செருப்புக்கடைக்காரர் சாவியோடு எதிரே வந்து, மாடியில் அவருடைய அறையைக் கூட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். அவள் கணவரைக் கீழேயே நிறுத்திவிட்டு மேலே ஏறினாள். ஒற்றைக் கட்டில், ஒரு தலையணை, ஒரு கோப்பை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. மெத்தையைப் புரட்டினாள். சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தலையணையை முகர்ந்தாள். தன் வீட்டுத் தலையணையின் வாசனைதான் அடித்தது. வேறொருத்தியின் முடி ஒன்று, கொண்டை ஊசி ஒன்று கிடைத்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள், ஆத்திரமாவது மிஞ்சியிருக்கும். ஒன்றும் இல்லை. படிக்கட்டில் நின்ற செருப்புக்கடைக்காரர், "சார் இருந்தா மாடியே கலகலன்னு இருக்கும்மா. பேசிட்டே இருப்பாரு" என்றார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எந்த ஊரிலும் அவர் யாரோடும் படுக்கவில்லை. எல்லா ஊரிலும் பேசியிருக்கிறார். அவளோடு மட்டும்தான் பேசவில்லை.

மறுநாள் காலை அவர் ஏரியில் குளிக்க இறங்கியதும், அவருடைய துண்டையும் செருப்பையும் கரையில் ஒழுங்காக எடுத்து வைத்துவிட்டு அவள் வேனைக் கிளப்பினாள். வேனின் பக்கக் கண்ணாடியில் அவர் தலை தண்ணீருக்கு மேல் திரும்புவது தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. உப்பு வெளியின் நடுவே நேராகப் போகும் சாலையில் ஒரு பகல் முழுக்க ஓட்டினாள். முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டியும் இல்லை. சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் சிற்றூர் ஒன்று வந்தது. முதல் வீட்டு வாசலில் லிஃப்ட் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார்.

"வழியில காத்து பலமா இருந்திருக்குமே? வா வா. வெந்நீர் போட்டு வச்சிருக்கேன். முதல்ல முகத்தைக் கழுவு, அப்புறம் உனக்கு ஒரு சங்கதி சொல்லணும்" என்றார்.

அவள் இறங்கிவந்து இரண்டு கைகளாலும் அவர் முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். மூக்குத்தண்டு அதே மூக்குத்தண்டு. இடது காது மட்டும் சற்று மேலே இருப்பதும் அப்படியே. அவர் சட்டைப்பையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் தூக்கிப் பார்த்தாள், பவர் வேறு. ஏரிக்கரையில் விட்டுவந்தவருக்கு இவ்வளவு தடித்த கண்ணாடி போட்டால் தலை சுற்றும். ஆக, அவர் பொய் சொல்லவில்லை. அவர் வரவில்லை. இவர் இங்கேயேதான் இருந்திருக்கிறார்.

அந்த ஊரில் அவள் தங்கினாள். வழுக்கைத் தலை மேனேஜர் கதையைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அடுத்த ஊருக்குப் போனாள், அங்கே இருந்தவர் நன்றாகச் சமைத்தார், ஆனால் எதற்கெடுத்தாலும் புத்தி சொன்னார். அதற்கடுத்த ஊர்க்காரர் குளியலறையில் பாடினார், சகிக்கவில்லை. எங்கும் தலையணையை மட்டும் ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். பழக்கம் விடுமா? பேச்சு வேண்டிய அளவு கேட்டாயிற்று என்று தோன்றியதும் வேனைத் திருப்பினாள். எல்லாரும் சொன்னார்களே தவிர, ஒருவராவது தன்னை எதுவும் கேட்கவில்லையே என்ற குறை மட்டும் பாக்கியிருந்தது.

ஏரிக்கரையில் அவர் செருப்புக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். மாடி அறைக்குப் போகவே இல்லையாம், வேன் திரும்பினால் அங்கிருந்து தெரியாது என்று கீழேயே படுத்தாராம். கதவைத் திறந்து ஏறினார். ஊர் எல்லை வந்ததும், "எங்க போயிருந்த?" என்றார்.

"உங்களைப் பார்க்கத்தான்."

"நான் இங்கதானே இருந்தேன்."

"அங்கயும் இருந்தீங்க."

நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. முகம்தான் கறுத்தது. கொஞ்சதூரம் போனதும், "அந்த உப்புக்காட்டுக்காரன் உன்னை ரொம்ப சிரிக்க வச்சானோ?" என்றார். அவள் வளைவில் வண்டியைத் திருப்பினாள். "கையைக் கிய்யைப் பிடிச்சானா?" என்றார். "நீ போனப்ப என்ன கேட்டான்? என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா? அந்தப் பாட்டுக்காரன் நல்லாவா பாடறான்?" ஒரு மலை ஏறி இறங்கும்வரை அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட கேள்விகளை எல்லாம் கூட்டினாலும் அந்த மலைக்கு ஈடாகாது.

அதற்குப் பிறகு அவர்கள் வீடு திரும்பவில்லை. வீட்டைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது சண்டை வரும், அவள் அவரை ஏதாவதொரு ஊரில் இறக்கிவிட்டுத் தனியே போய்விடுவாள். அடுத்த ஊரில் வேறொருவர் வெந்நீரோடு நிற்பார். ஊர்க்காரர்களுக்கு இது பழகிப்போயிற்று. வேன் வந்து நின்றால் பெட்ரோல் பங்குக்காரர் எட்டிப் பார்த்து, "சார் உள்ள இருக்காரா, இல்ல வெளியில தேடணுமா?" என்று மட்டும் கேட்பார். அத்தனை ஊர்க் கணவர்களுக்கும் அவளே கண்ணாடி செய்துகொடுத்தாள், ஊர்ப்பெயரை உறையின்மேல் எழுதி. ஆனால் கூட்டிக்கொண்டு போனது எப்போதும் தன்னோடு கிளம்பிவந்தவரைத்தான். அவருக்கு அது ஏன் என்று விளங்கியதே இல்லை.

ஒரு நாள் கடற்கரைச் சாலையில், "உண்மையைச் சொல்லு. எங்கள்ல உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டார்.

"தெரியலையே. இன்னும் எல்லாரையும் பார்த்து முடிக்கல" என்றாள் அவள்.

அவர் யோசித்தார். முன்னால் ஏதோ ஓர் ஊரின் கூரைகள் தெரிய ஆரம்பித்திருந்தன. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வண்டியைக் கொஞ்சம் மெதுவா விடு. அந்த ஊர் வர்றதுக்குள்ள உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார். அவள் கியரைக் குறைத்தாள்.