மேரியக்காவின் முட்டு வலியும் தாவீதின் ஜாவாவும்

கிருஷ்ணா எதையும் யாரிடமும் இரண்டாவது முறை கேட்கமாட்டார். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் பலகாரக் கடை வைத்திருக்கும் ஆளுக்கு இவ்வளவு ரோஷம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதையும் ஒரு முறைதான் கேட்க முடியும். இரண்டாவது முறை கேட்டால், கட்டிக் கொடுத்த பொட்டலத்தைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்வார். எனக்கே அப்படி நடந்திருக்கிறது.

அந்தக் கடைக்கு முறுக்கும் அதிரசமும் தாராவியிலிருந்து வரும். அங்கே சமையல்கூடம் நடத்துகிறவர் இருதயமேரி, ஊருக்கெல்லாம் மேரியக்கா. அவருக்கும் ஒரு குணம் உண்டு. யார் வந்து எதைக் கேட்டாலும் முதலில் "இல்ல" என்பார். முதுகுக்குப் பின்னால் டின் டின்னாக அடுக்கியிருக்கும். எண்ணெய் வாசனை தெருமுனை வரைக்கும் வரும். ஆனாலும் இல்லை. நிஜமாகவே வேண்டும் என்கிறவன் மறுபடி கேட்பான், மூன்றாவது தடவை கேட்டவனுக்குக் கொடுக்கலாம் என்பது அவர் தொழில் நடத்தும் முறை.

இந்த இரண்டு பேருக்கும் நடுவே இத்தனை வருஷம் வியாபாரம் நடந்தது பூமாரியால். பூமாரி கோவண்டியிலிருந்து ரயிலேறி வந்து கிருஷ்ணாவின் கடையில் பில் போடுகிறவள். தினமும் காலையில் மேரியக்காவுக்குப் போன் போடுவதும் அவள்தான். முதலில் முட்டு வலியை விசாரிப்பாள். அடுத்து ஊரில், நாசரேத்தில் இருக்கும் அவர் மாமியாரை விசாரிப்பாள். அப்புறம் முறுக்கு. "இல்ல" என்று பதில் வரும். "சரிக்கா, பரவால்ல" என்பாள், ஆனால் போனை வைக்கமாட்டாள். பெருமூச்சு விடுவாள். மறுபடி முட்டு, மறுபடி மாமியார், மறுபடி முறுக்கு. ஒருவழியாகச் சரக்கு டெம்போவில் ஏறும்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணாவுக்கு இதெல்லாம் காதில் விழும். முறுக்கு வாங்க முட்டு எதற்கு என்பது அவர் கட்சி. பக்கத்து நகைக்கடையில் சாஃப்ட்வேர் போட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் வேறு இல்லை.

"பூமாரி, இந்த மாசக் கடைசியோட நின்னுக்கோ," என்றார் ஒரு நாள். "இனிமே மெஷின் கேட்டுக்கும், மெஷினே பில்லும் போட்டுக்கும்."

"சரி சார்," என்றாள் பூமாரி. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் வேறு கிடையாது. வேலை போனால் கோவண்டி அறைக்கு வாடகை கட்ட முடியாது. அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. அன்று முழுக்க எல்லோருக்கும் தப்புத் தப்பாகச் சில்லறை கொடுத்தாள்.

சாஃப்ட்வேர் எழுத வந்தவன் தாவீது, தாராவிக்காரன். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் அவனுக்கு உருப்படியாக வருவது ஒன்றே ஒன்று, ஆர்எம்ஐ. இங்கே இருக்கிற புரோகிராம் எங்கேயோ இருக்கிற புரோகிராமைக் கூப்பிட்டு வேலை வாங்குவது. இந்தக் காலத்தில் அதைத் தொடுகிறவர்கள் குறைவு. ஆனால் அவன் கல்லூரிப் பரீட்சையில் அது வந்தது, அதில் அவன் நல்ல மார்க் வாங்கியிருந்தான், அதனால் உலகத்தில் உள்ள எல்லாக் கஷ்டத்துக்கும் அதுதான் மருந்து என்று நம்பினான். ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முடிகிற காரியம்தான். ஆனால் சும்மா கிடைக்கிற எதையும் கிருஷ்ணா சாஃப்ட்வேர் என்று ஒத்துக்கொள்ளமாட்டார்.

"சார், இங்க ஒரு புரோகிராம், அது கிளையன்ட். தாராவில ஒரு புரோகிராம், அது சர்வர்," என்று தாவீது விளக்கினான். "இங்கேர்ந்து 'முறுக்கு இருக்கா'னு ஒரு மெத்தட, அதாவது அங்க இருக்குற ஒரு வேலைய, கூப்பிடுவோம். ஓடுறது அங்க. பதில் மட்டும் இங்க வரும். உங்களுக்கு ஏக்தம், அப்படியே இங்கயே நடந்த மாதிரி இருக்கும்."

"நடுவுல யாரு?"

"ஸ்டப்னு ஒண்ணு சார். அது இங்கதான் உக்காந்திருக்கும், ஆனா தாராவி மாதிரி பேசும். அதுகிட்ட கேட்டா, அது அங்க கேட்டு வாங்கி நமக்குச் சொல்லும்."

"அதத்தான தம்பி நான் செஞ்சுக்கிட்டு இருக்கேன்," என்றாள் பூமாரி பில் மேஜையிலிருந்து.

"உன்னை யாரும் கேக்கலை," என்றார் கிருஷ்ணா.

தாவீது அடுத்து தாராவிக்குப் போனான். சர்வர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மேரியக்காவிடம் கேட்டான். "எவன் கேட்டாலும் மொதல்ல இல்லன்னு சொல்லணும்ல," என்றார் மேரியக்கா. "ரெண்டாந்தடவ கேட்டா, பாக்கேன்னு சொல்லு. மூணாந்தடவைக்குக் குடு." தாவீது கீழ்ப்படிந்து வளர்ந்த பிள்ளை. சொன்னதைச் சொன்னபடியே எழுதினான்.

முதல் நாள் காலை கிருஷ்ணா சாமி கும்பிட்டுவிட்டு பட்டனை அழுத்தினார். 'முறுக்கு இருக்கா?' என்று கேள்வி தாராவிக்குப் போனது. 'இல்லை' என்று பதில் வந்தது. அவர் படித்தார், திரையை மூடினார், வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். மறுநாளும் அதேதான். கடையில் முறுக்கு டின் காலி. தாராவியில் டின் வைக்க இடமில்லாமல் மேரியக்காவின் கட்டில் மேலெல்லாம் முறுக்கு. மூன்றாம் நாள் நான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதை விடுங்கள்.

"இல்லைன்னுட்டா. நான் என்ன பிச்சையா கேக்கறேன்?" என்றார் கிருஷ்ணா.

"அந்தாளு ரெண்டாவது கேக்கவே இல்லியே. வேணாம்போல," என்றார் மேரியக்கா.

தாவீது புரோகிராமைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தான். ஒரு பிழையும் இல்லை. பிறகுதான் உறைத்தது. பதில் 'இல்லை' என்று வந்தால் கிளையன்ட்டே மூன்று தடவை கேட்கும்படி மாற்றினான். "நான் கேட்டதா ஆகாதே?" என்று கிருஷ்ணா சந்தேகப்பட்டார். "நீங்க ஒரு தடவைதான் சார் அழுத்துறீங்க. மிச்சம் மெஷின் பாடு," என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்.

மறுநாள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் மூன்று கேள்வியும் தாராவியில் போய் விழுந்தன. மேரியக்காவின் மகள் ஜோஸ்பின் லேப்டாப்பில் வந்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"மூச்சு விடாம கேக்கான். யாரு இவன், வட்டிக்காரனா?" என்ற மேரியக்கா அன்றைக்கு ஒரு டின்கூட அனுப்பவில்லை.

வேறு வழியில்லாமல் தாவீது பூமாரியிடம் வந்து நின்றான். "அக்கா, நீங்க எப்படிக் கேப்பீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்கக்கா."

நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்கமாட்டேன். சொன்னால் மெஷின் ஓடும், மெஷின் ஓடினால் இவள் வேலை போகும். பூமாரிக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அவள் செய்கிற வேலையைப் பற்றி அதுவரை ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முட்டு, மாமியார், பெருமூச்சு எதுவும் பாக்கியில்லை.

"அவங்க பதில் சொன்னா நாம என்னக்கா சொல்லணும்?"

"முட்டுக்கு 'ஒடம்பப் பாத்துக்கோங்கக்கா'ன்னா போதும். மாமியாரு எப்பமும் நல்லா இருக்காவன்னுதான் சொல்லுவாவ. அதுக்கு 'ரொம்ப சந்தோசம்க்கா, இன்னும் நல்லா நடக்கட்டும்'னு சொல்லிட்டு முறுக்குக்கு வந்துரணும்."

தாவீது அதை அப்படியே எழுதிவைத்தான். பதிலைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதை அவள் சொல்லவில்லை. அது சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவனும் கேட்கவில்லை.

இப்போது கிளையன்ட் கூப்பிட இரண்டு புது மெத்தட்கள் சேர்ந்தன. ஒன்று முட்டு வலி, இன்னொன்று மாமியார். பெருமூச்சுக்குப் பதிலாகப் பத்து விநாடி சும்மா நிற்கும்படி செய்தான். தினமும் காலையில் இந்தக் கேள்விகள் வந்ததும் மேரியக்கா சொல்லச் சொல்ல ஜோஸ்பின் பதில்களைச் சர்வரில் தட்டுவாள். மேரியக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. முட்டில் ஆரம்பித்து இடுப்பு, கழுத்து என்று வலி மேலே ஏறிக்கொண்டே போனது. முறுக்கு ஒழுங்காக வந்தது. கிருஷ்ணா நகைக்கடைக்காரரைக் கூப்பிட்டு வந்து காட்டினார். மாசக் கடைசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்ப்பதைப் பூமாரி நிறுத்திக்கொண்டாள்.

தீபாவளி வாரம். நாசரேத்திலிருந்து மேரியக்காவுக்குப் போன் வந்தது, மாமியார் போய்விட்டார். மறுநாள் காலையில் வீடு நிறைய ஆட்கள். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. இந்த நேரம் பார்த்து மாட்டுங்காவில் கிருஷ்ணா பட்டனை அழுத்தினார். மாமியார் எப்படி இருக்கிறார் என்ற கேள்விக்கு ஜோஸ்பின் அழுதுகொண்டே, 'ஆச்சி நேத்து கர்த்தருக்குள்ள போயிட்டாங்க' என்று தட்டினாள்.

உடனே பதில் வந்தது. வந்ததை வாசித்துப் பழகிய பெண், யோசிக்காமல் உரக்க வாசித்துவிட்டாள். "ரொம்ப சந்தோசம்க்கா, இன்னும் நல்லா நடக்கட்டும். முறுக்கு இருக்கா?"

ஜெபம் நின்றுவிட்டது. மேரியக்கா எழுந்து வந்து, லேப்டாப்பை அணைத்து மாவு டின்னுக்குள் போட்டு மூடினார்.

மாட்டுங்காவில் திரை 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்றது. தீபாவளிக்கு நாலு நாள்தான் பாக்கி, ஆர்டர் எடுத்த முறுக்கு பாதிகூட வந்து சேரவில்லை. விஷயம் தெரிந்ததும் தாவீது போனை அணைத்துவிட்டு டோம்பிவிலியில் இருக்கும் மாமா வீட்டுக்கு ஓடிவிட்டான்.

"நீ போய் என்னன்னு பார்த்துட்டு வா," என்றார் கிருஷ்ணா பூமாரியிடம். கெஞ்சுவது போல் ஆகிவிட்டதோ என்று பயந்து, "மாசக் கடைசின்னா மாசக் கடைசிதான்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

பூமாரி தாராவிக்குப் போனாள். மேரியக்கா அவள் கையைப் பிடித்து உள் அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏட்டி, அந்த மிசினுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார் மெதுவாக.

"என்னதுக்கா?"

"எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோசமா இருந்துச்சுன்னு." மேரியக்காவின் கண் கலங்கிவிட்டது. "கட்டி வந்த நாள்லேர்ந்து என் கொழம்புல உப்பு இல்லன்னே சொல்லிக்கிட்டு இருந்தாவ. போன் வந்ததும் எனக்கு மொதல்ல உப்புதான் ஞாவகம் வந்துச்சு. பொறவுதான் அழுதேன். இத நான் ஒருத்தருட்டயும் சொல்லலட்டி."

பூமாரிக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மிசினுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. அந்தக் கேள்விக்குத் தாவீது எழுதிப் போட்ட ஒத்தப் பதிலு. தாராவியே வெள்ளத்துல போனாலும் சந்தோசம்னுதான் சொல்லும்."

மேரியக்காவுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. "அப்ப அந்தச் சனியன்ட்ட இனி எவ பேசுவா? என்னால ஆவாது."

பூமாரி அப்போதே கேட்டுவிட்டாள். "எனக்கு மாசக் கடைசியோட வேல போவுதுக்கா. இங்க எதும் வேல இருக்கா?"

"இல்ல," என்றார் மேரியக்கா. அது வாய்ப் பழக்கம்.

"சரிக்கா, பரவால்ல," என்றாள் பூமாரி. எழுந்திருக்கவில்லை. பெருமூச்சு விட்டாள். இந்தத் தடவை அது நிஜமான பெருமூச்சு. முட்டு வலியைக் கேட்டாள். இடுப்பைக் கேட்டாள். இறந்துபோன மாமியாரின் உப்பைப் பற்றி இன்னொரு தடவை கேட்டாள். வேலையைப் பற்றியும் கேட்டாள். "பாக்கேன்," என்றார் மேரியக்கா. கடைச் சரக்குக்காகத் தினமும் கேட்டவள்தான், ஆனால் தனக்காகக் கேட்டுப் பழக்கமில்லை. இருந்தாலும் மூன்றாவது முறையும் கேட்டாள்.

"நாளையிலேர்ந்தே வா," என்றார் மேரியக்கா.

பூமாரி அன்றே மாட்டுங்கா வேலையை விட்டாள்; எங்கே போகிறாள் என்று கிருஷ்ணா கேட்கவில்லை. தாவீதைத் தேடிப் பிடித்து வந்தார்கள். அவன் சர்வர் பக்கம் மட்டும் கொஞ்சம் மாற்றினான். முன்பு முறுக்குக்குப் புரோகிராமே பதில் சொன்னது. இப்போது எந்தக் கேள்வி வந்தாலும் திரையில் காட்டிவிட்டு, பூமாரி தட்டும் வரைக்கும் நிற்கும். அதுவரை மாட்டுங்காவும் நிற்கும், கூப்பிட்டவன் பதில் வரும்வரை காத்திருப்பதுதான் ஆர்எம்ஐயின் வழக்கம். கிருஷ்ணாவும் ஏதாவது எழுதியனுப்ப அவர் திரையில் முதலிலிருந்தே ஒரு பெட்டி இருந்தது. அவர் பக்கம் ஒரு எழுத்தும் மாறவில்லை.

"சார்ட்ட சொல்லணும்லக்கா?" என்று தாவீது தலையைச் சொறிந்தான்.

"அவரு மிசின்ல எதையும் மாத்துனியா?"

"இல்லக்கா. மெத்தட் எல்லாம் அதேதான். பதில் சொல்றது யாருன்னு கிளையன்டுக்குத் தெரியவே வேணாம்."

"அப்ப என்னத்தச் சொல்லப் போற?"

தீபாவளிச் சரக்கு போய்ச் சேர்ந்தது. தினமும் காலையில் மெஷின் பூமாரியின் முட்டு வலியை விசாரித்தது. அவளுக்கு முட்டில் வலி கிடையாது. இருந்தாலும் விசாரிப்பது நன்றாக இருந்தது. அவளும் பதிலுக்கு முறுக்குக் கணக்கோடு ஒரு வரி சேர்த்துத் தட்டினாள்: 'சார், சுகர் மாத்திரை போட்டீங்களா?' முதல் நாள் கிருஷ்ணா பயந்துபோனார். இரண்டாவது நாள் போட்டேன் என்று எழுதினார். அப்புறம் பட்டனை அழுத்தக் கடைக்குச் சீக்கிரம் வர ஆரம்பித்தார்.

தாவீதுக்குக் காசு கொடுத்த அன்று அவர் மனம் நெகிழ்ந்து பேசினார். தாவீது நேராகத் தாராவிக்கு வந்து, அதை அவர் மாதிரியே பூமாரியிடம் பேசிக் காட்டினான். "'மெஷின்னா மெஷின்தான்டா. அந்தப் பூமாரி இத்தனை வருஷம் என் எதிர்லயே உக்காந்திருந்தா. ஒரு நாள் என் சுகரைப் பத்திக் கேட்டிருப்பாளா?'ன்னாரு அக்கா."

சிரித்துக்கொண்டிருந்த பூமாரி சிரிப்பை நிறுத்தினாள். "தெனமும் கேட்டேன் தம்பி," என்றாள். "பில் போடுற நேரத்துல என்ன பேச்சுன்னு திட்டுவாரு."

அப்போது திரையில் மாட்டுங்காவிலிருந்து ஒரு வரி வந்தது. 'மாத்திரை போட்டாச்சு. நீ சாப்பிட்டியா?'

பூமாரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது பெரிதென்று அவளுக்கே தெரியவில்லை.

"சாப்பிட்டாச்சுன்னு நான் அடிக்கட்டுமாக்கா?" என்றான் தாவீது.

"வேண்டாம்," என்றாள் பூமாரி. "கொஞ்ச நேரம் காத்துக் கெடக்கட்டும்."