மேலா, கீழா?

ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. முனைவர் பட்டத் தகுதித் தேர்வில் இன்றும் அவள் கோட்டை விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊரில் அப்பாவோ தெருவெல்லாம் "எம் பொண்ணு டாக்டர்" என்று தமுக்கடித்து, பக்கத்து வீட்டார் இருமலுக்கு மருந்து கேட்கும் அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார்!

வாய்மொழித் தேர்வுக்கு இரண்டு பேராசிரியர்கள். இருவரும் வருஷக்கணக்காகக் கீரியும் பாம்பும். காரணத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். இரு முனையிலும் தாங்கிய பீம், அதாவது உத்தரம், ஒன்றின் நடுவில் பாரம் வைத்தால், அது எங்கே எவ்வளவு வளைய முயல்கிறது என்று காட்ட ஒரு கோடு போட்டு முக்கோணம் வரைவார்கள். முக்கோணம் கோட்டுக்கு மேலே என்பார் ஒருவர், கீழே என்பார் மற்றவர். இரண்டுமே சரிதான், வெறும் வழக்கம். ஆனால் அவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்களேன்! மாணவர்கள் வைத்த பெயர்: மேல்வாத்தியார், கீழ்வாத்தியார்.

போன தடவை அவள் போர்டில் மேலே வரைந்தாள். கீழ்வாத்தியார் முட்டை போட்டார்.

இன்றும் அதே கேள்வி. பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் பிடிக்காமல் இருவரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சட்டென்று அவளுக்குப் பொறி தட்டியது.

"போர்டு வேணாம் சார். இங்கேயே வரையறேன், ரெண்டு பேருக்கும் கிட்டத்துல தெரியும்."

மேஜை நடுவில் தாளை வைத்து, ஒரு கோடு, கீழ்வாத்தியார் இருக்கும் பக்கமாக ஒரு முக்கோணம். எழுத்து ஒன்றும் போடவில்லை.

"சபாஷ்!" என்றார் மேல்வாத்தியார்.

"பலே!" என்றார் கீழ்வாத்தியார்.

இருவரும் திடுக்கிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்படி எதிராளி என்னத்தைக் கண்டார்? பார்த்துவிட இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, மேஜையைச் சுற்றி எதிர்ப்பக்கம் போய்க் குனிந்தார்கள்.

அங்கிருந்து பார்த்தால் படம் தலைகீழ்! இரண்டு முகங்களும் வெளிறின. இப்போதுதானே வாயாரப் பாராட்டினோம்! இனி எப்படித் தப்பென்று சொல்வது? நைசாக அவரவர் நாற்காலிக்குத் திரும்பி, பயந்து பயந்து மறுபடி பார்த்தார்கள். படம் சரியாக இருந்தது.

"கண்ணாடியை மாத்தணும்" என்று முணுமுணுத்தபடி கீழ்வாத்தியார் கையெழுத்துப் போட்டார். மேல்வாத்தியார் அதற்குள் போட்டு முடித்திருந்தார்.

வெளியே ஓடி வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"பாஸ்ப்பா!"

"எனக்குத் தெரியும்டா! ஆமா, பக்கத்து வீட்டுக்காரருக்கு முதுகு வளைஞ்சிருச்சாம். என்ன சொல்லட்டும்?"

"எந்தப் பக்கம் நின்னு பாக்கறாங்கன்னு கேளுங்கப்பா."