ஆயிரம் எம்.எம்மும் ஒரு ஆம்பளைச் சட்டையும்

பறவையின் காலில் மஞ்சள் பட்டை மாட்டி, அதில் நம்பர் எழுதிப் பறக்க விடுகிறார்கள் என்று அமுதவல்லி சொன்னபோது அவள் புருஷன் சுரேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "நம்ம வண்டி மாதிரி டி.என். பதினாறா?" என்று கேட்டான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். நம்பர் என்றால் அவனுக்கு அது ஒன்றுதான்.

ஆனால் அவள் பார்த்தது நிஜம். அமுதவல்லி மரக்காணத்தில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தாள். கல்யாணமோ காதுகுத்தோ, ஊரில் அவள்தான் கேமரா. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு பறவை பார்க்க உப்பளத்துக்குப் போய்விடுவாள். போன வாரம் அங்கே கருவால் மூக்கன் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. நீளக் கால், அதைவிட நீளமான மூக்கு; குளிருக்கு வடக்கேயிருந்து வந்து, வெயில் ஏறினதும் திரும்பிப் போகிற ஜாதி. அதில் ஒன்றின் காலில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கல்யாண லென்ஸில் எடுத்த படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மஞ்சள் கட்டம்தான் வந்ததே தவிர, எழுத்து வரவில்லை.

எழுத்தைப் படித்துச் சொன்னால், பட்டையை மாட்டியவர்கள் அந்தப் பறவையின் சரித்திரத்தையே சொல்லிவிடுவார்கள். படிக்காவிட்டால் ஒன்றும் கிடையாது. பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் விஷயத்தைப் போட்டாள். குழுவை நடத்துகிற புதுச்சேரி கௌதம், "மேடம், பிளாஸ்டிக் கவர் ஏதாவது சிக்கியிருக்கும்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டான். கவரைக்கூட மன்னித்திருப்பாள். அந்தப் பொம்மையை மன்னிக்க முடியவில்லை. மாசி முடியப்போகிறது, கூட்டம் என்றைக்கு வேண்டுமானாலும் கிளம்பிவிடும். அதற்குள் அந்த எழுத்தைப் படித்தே தீருவது என்று முடிவு கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் லோடு ஆட்டோவில் குயிலாப்பாளையம் போனார்கள். அங்கே அர்ச்சுனன் என்கிற பையன் லென்ஸ் வாடகைக்கு விடுகிறான். வாய் ஓயாமல் பேசுவான், ஆனால் பொய் பேசமாட்டான்.

"அக்கா, நூத்தம்பது – அறுநூறு ஜூம் எடுத்துக்க. கையிலயே பிடிச்சுக்கலாம், பறக்கிறதையும் எடுக்கலாம்."

"எழுத்து தெரியுமா?"

"கிட்டப் போனா தெரியும்."

"கிட்டப் போக முடிஞ்சா நான் எதுக்குப்பா உன் கடைக்கு வர்றேன்?"

அர்ச்சுனன் உள்ளே போய், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து வருகிற மாதிரி ஒரு லென்ஸை அணைத்துக்கொண்டு வந்தான். ஐநூறு எம்.எம். லென்ஸ்; அந்த எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது கிட்டத் தெரியும். இதில் ஜூம் கிடையாது, ஆனால் வெளிச்சத்தை வாரிக்கொள்ளும். கூடவே உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு டெலிகன்வெர்ட்டர்களை மேசைமேல் வைத்தான்.

"இதை லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டணும். சின்னது ஒண்ணு பாயிண்ட் நாலு. ஐநூறை எழுநூறாக்கும், வெளிச்சத்துல பாதி போயிடும். பெருசு ரெண்டு மடங்கு, ஆயிரமாக்கும். ஆனா நாலுல ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ள வரும். ஃபோகஸ் திணறும். காத்து லேசா அடிச்சாக்கூட படம் ஆடும். நல்லா யோசிச்சுக்க."

"ஆயிரம் இருக்கும்போது எவனாவது எழுநூறை எடுப்பானா?" என்றான் சுரேஷ்.

சாதாரண நாளில் சுரேஷ் கிழக்கு என்றால் அமுதவல்லி மேற்கு என்பாள். அன்றைக்குப் பார்த்து இரண்டு பேருக்கும் ஒரே புத்தி. ஆயிரத்தையே எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் திருப்பித் தரவேண்டும். அர்ச்சுனன் தலையைச் சொறிந்துவிட்டு, "இதுக்கு வாடகை வேணாக்கா, மனசு மாறுனா மாட்டிக்க" என்று சின்னதையும் பைக்குள் போட்டான்.

அத்தோடு வந்திருக்கலாம். பக்கத்துக் கடையில் அந்த ஜாக்கெட் தொங்கியது. இலையும் கொடியும் அச்சடித்த பச்சை ஜாக்கெட், உடம்பெல்லாம் பை. புலி, யானை எடுக்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் போட்டிருப்பார்கள். அமுதவல்லி எத்தனை படத்தில் பார்த்திருக்கிறாள்! கல்யாண போட்டோக்காரி என்கிற பெயரை ஒரு நாளைக்காவது கழற்றி வைக்கலாமே என்று ஆசை. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது.

உப்பளத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் நின்றது. ஆயிரம் எம்.எம்மை ஸ்டாண்டில் ஏற்றிக் கண்ணை வைத்தாள். அடேயப்பா! எங்கோ புள்ளியாக நின்ற பறவை கண்ணுக்குள் வந்து நின்றது. ஆனால் நிற்கவா செய்தது? கொதிக்கிற உப்புப் பாத்தியிலிருந்து எழும்பிய கானலில் பறவை நெளிந்தது, கால் நெளிந்தது, பட்டையும் நெளிந்தது. கடல் காற்று வேறு ஸ்டாண்டை ஆட்டியது. ஃபோகஸ் உர்ர் உர்ர் என்று முன்னும் பின்னும் ஓடி, கடைசியில் தூரத்து உப்புக் குவியலில் போய் நின்றது. சாயந்திரம் கானல் அடங்கியபோது வெளிச்சமும் அடங்கிவிட்டது. ஏதோ ஒரு படத்தில் மட்டும் எழுத்து மாதிரி என்னவோ தெரிந்தது.

"இது எட்டு," என்றாள் அமுதவல்லி.

"இல்ல, இங்கிலீஷ் பி," என்றான் சுரேஷ். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கொசுவா இருந்தாலும் இருக்கும்" என்றான்.

அவள் அந்தப் படத்தைக் குழுவில் போடவில்லை. போட்டால் இன்னொரு பொம்மை வரும். ராத்திரிச் சோறுகூட அவளுக்குச் சரியாக இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு சுரேஷோடு ஆட்டோவில் கிளம்பிவிட்டாள். உப்பளத்தில் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரிவிட வேண்டும் என்பதால் பெண்கள் வரிசையாகக் கூடை சுமந்துகொண்டிருந்தார்கள். சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. அந்த வரிசையில் சுரேஷின் அக்கா அருக்காணியும் இருந்தாள். அமுதவல்லி அவளுக்குக் கையை ஆட்டிவிட்டு, ஸ்டாண்டோடு லென்ஸைத் தோளில் வைத்து, தண்ணீர் தேக்கிய பாத்திகள் பக்கம் நடந்தாள்.

கூட்டம் அங்கேதான் இருந்தது. ஒரு கூப்பிடு தூரத்தில் அவள் வந்ததுமே விருட்டென்று எழும்பி, அடுத்த பாத்திக்குப் போய்விட்டது. அவள் குனிந்து போனாள். மறுபடி எழும்பியது. உட்கார்ந்து நகர்ந்தாள். மறுபடியும் எழும்பியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. போக்குக் காட்டுகிற பறவையைப் பார்த்துக்கொண்டே வரப்பில் திரும்பினாள் பாருங்கள், கால் வழுக்கிவிட்டது. விழுகிற நேரத்திலும் லென்ஸை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள். லென்ஸ் தப்பியது. அவள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு இடுப்பளவு உப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள்.

அருக்காணி ஓடிவந்து முதலில் லென்ஸை வாங்கினாள், அப்புறம் தம்பி பெண்டாட்டியைத் தூக்கினாள், அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏன் அமுதா, தூரத்துலேர்ந்து பாத்தா புதர் ஒண்ணு நடந்து வர்ற மாதிரி இருக்குதுடி!"

"சிரிக்காதீங்க அண்ணி. உடம்பெல்லாம் எரியுது."

"கழட்டு அந்தக் கண்றாவிய. பையில என் மாத்துச் சட்டை இருக்குது, போட்டுக்க."

வெளுத்துப்போன வெள்ளைச் சட்டை. ஒரு பொத்தான் இல்லை. தொளதொளவென்று முட்டி வரைக்கும் தொங்கியது. அருக்காணி தலைக்கும் ஒரு துண்டைக் கட்டிவிட்டாள். பெண்கள் எல்லாரும் டீ குடிக்க வரப்பில் உட்கார, அமுதவல்லியும் அவர்களோடு உட்கார்ந்து, லென்ஸை மடியில் போட்டுக்கொண்டு, தன் தலையெழுத்தை நொந்தபடி டீயை ஊதினாள்.

அப்போதுதான் கூட்டம் திரும்பி வந்தது. ஒரு வட்டம் அடித்துவிட்டு, அவர்கள் உட்கார்ந்திருந்த வரப்புக்கு முன்னாலிருந்த பாத்தியிலேயே இறங்கியது. பெண்கள் சத்தம் போட்டுப் பேசினார்கள், ஒருத்தி எழுந்து கூடையைத் தட்டினாள். பறவைகள் சட்டை செய்யவே இல்லை. அமுதவல்லி தன் சட்டைக் கையைப் பார்த்தாள். சுற்றியுள்ள உப்பைப் பார்த்தாள். ஐயோ, மடச்சி! இலையே இல்லாத இடத்தில் இலை போட்ட ஜாக்கெட்டில் நாம்தான் அலைந்தோம். இதுகள் வந்த நாளிலிருந்து தினமும் பார்ப்பது இந்தச் சட்டையைத்தானே?

டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்து, லென்ஸில் கண்ணை வைத்தாள். பறவை இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஆயிரம் எம்.எம். உர்ர் என்று தேடிக்கொண்டே இருந்தது. பறவை ஓர் அடி எடுத்து வைத்தால் படத்தைவிட்டே வெளியே போனது. மஞ்சள் பட்டைக்காரன் இருக்கிறானா என்பதே தெரியவில்லை. எல்லாம் கால் மறையத் தண்ணீரில் நின்றன. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. கன்வெர்ட்டரை மாற்றினால் அந்த நேரத்தில் கூட்டம் கிளம்பிவிடலாம். மாற்றாவிட்டால் நேற்றைய கதைதான். இந்தக் காற்றில் கேமராவைத் திறந்தால் உள்ளே உப்பு போய்விடும் என்கிற பயம் வேறு.

சட்டை பெரிசாகத்தானே இருந்தது! ஸ்டாண்டிலிருந்து கழற்றிய லென்ஸையும் கேமராவையும் சட்டைக்குள் விட்டு, கழுத்துப் பொத்தானைப் போட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் மாதிரி குனிந்து உட்கார்ந்து, தடவித் தடவியே பெரிய கன்வெர்ட்டரைக் கழற்றிச் சின்னதை மாட்டினாள். க்ளிக் என்ற சத்தம் கேட்கும்வரை மூச்சே விடவில்லை.

"என்னாடி பண்ற உள்ள?" என்றாள் அருக்காணி.

"சத்தம் போடாதீங்க அண்ணி."

வரப்பில் குப்புறப் படுத்து, டீ கொண்டுவந்த பையின் மேல் லென்ஸைச் சாய்த்தாள். எழுநூறு எம்.எம். ஃபோகஸ் தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது. வெள்ளை உப்பைப் பார்த்தால் கேமரா பயந்துபோய்ப் படத்தை இருட்டாக்கும் என்பது, சர்ச் கல்யாணங்களில் வெள்ளை கவுன் எடுத்துப் பழகியவளுக்குத் தெரியாதா? வெளிச்சத்தை ஒரு படி ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சட்டைக்குள் வேர்த்துக் கொட்டியது. காயத்தில் உப்பு எரிந்தது. ஒரு பறவை இறகைக் கோத ஆசைப்பட்டுத் தண்ணீரிலிருந்து எதிர் வரப்பில் ஏறியது. காலில் மஞ்சள்!

ஏறினவன், நல்ல பிள்ளையாக, அவள் பக்கம் திரும்பி, பட்டை இருந்த காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தான். அமுதவல்லி பட்டனில் வைத்த விரலை எடுக்கவில்லை.

சுரேஷ் வரப்போரமாக ஓடிவந்து கேமராவின் திரையை எட்டிப் பார்த்தான். இந்த முறை கொசு என்று சொல்லவில்லை. "கே... ஏழு... ஈ," என்று எழுத்துக் கூட்டிப் படித்தான். "நம்பர் பிளேட்டேதான்டி!" என்று கத்தினான். கூட்டம் மொத்தமும் எழும்பிப் பறந்தது. போகட்டும், இனிமேல் பறந்தால் என்ன? அமுதவல்லி உப்பு வரப்பில் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், அருக்காணியைக் கட்டிக்கொண்டாள்.

சாயந்திரம் குயிலாப்பாளையத்தில் லென்ஸைக் கொடுத்தபோது, அர்ச்சுனன் எதில் எடுத்தாய் என்று கேட்டான். "நீ வாடகை வாங்காததுலப்பா," என்றாள்.

அன்று ராத்திரியே படத்தைக் குழுவில் போட்டாள். பட்டை மாட்டியவர்களிடமிருந்து பதில் வர இரண்டு மூன்று நாள் ஆனது. கௌதமே போன் செய்தான். இந்தத் தடவை குரலில் பொம்மை இல்லை.

"மேடம், பட்டை மாட்டினவங்க எழுதியிருக்காங்க. மாட்டி விட்ட நாள்லேர்ந்து இதை யாருமே பாத்ததில்லையாம். செத்துப்போச்சுன்னே கணக்குல வச்சிருந்தாங்களாம். உயிரோட இருக்குதுன்னு கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான். ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்களாம். உங்க போட்டோ ஒண்ணு கேக்கிறாங்க, அவங்க வெப்சைட்ல போடறதுக்கு. அப்புறம்... அந்த கவர் சொன்னதுக்கு சாரி மேடம்."

"பரவால்ல விடுங்க," என்றாள் அமுதவல்லி. பெருந்தன்மையாகச் சொல்ல நினைத்தாள். சந்தோஷத்தில் குரல் கீச்சென்று வந்தது.

ஊருக்கே போட்டோ எடுக்கிறவளிடம் தன்னுடைய போட்டோ ஒன்றுகூட உருப்படியாக இல்லை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவில் ஒன்று எடுத்துவிடலாம் என்று கொல்லைப்பக்கம் போனாள். கொடியில் காய்ந்த ஜாக்கெட் உப்புப் பூத்து, கையை விரித்தபடி விறைத்து நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுரேஷின் போனில் ஒரு படம் இருந்தது. அன்றைக்கு அவன் ஓரமாக நின்று சும்மா எடுத்தது. தலையில் துண்டு, தொளதொளச் சட்டை, முகத்தில் சேறு. டீப் பையின் மேல் பெரிய லென்ஸ். உப்பு வரப்பில் குப்புறப் படுத்துக் கிடக்கிறாள் அமுதவல்லி. வரிசையாக உட்கார்ந்திருக்கிற பெண்களோடு சேர்த்துப் பார்த்தால், யார் போட்டோக்காரி என்று தேட வேண்டியிருந்தது. பறவையும் அப்படித்தான் தேடிப் பார்த்து ஏமாந்திருக்கும். அந்தப் படத்தையே அனுப்பினாள்.

விஷயம் கேள்விப்பட்டு அருக்காணி வேலையிலிருந்து நேராக ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டாள்.

"வெளிநாட்டுக்காரங்க எல்லாம் பாப்பாங்களாமே! அது என் சட்டைன்னு எழுதினியா இல்லியா?"

"முதல் வரியே அதான் அண்ணி. என் நாத்தனார் அருக்காணியோட சட்டை போட்டு எடுத்ததுன்னு எழுதிட்டுதான், லென்ஸ் பேரையே எழுதினேன்."

அருக்காணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா அந்தப் பொத்தானைத் தச்சுக் கொடுத்திருப்பேனே, பாவி," என்றாள்.