கொடுத்தவன் பெயர்

“‘இல்லை’ன்னு போடு. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் மாமனார் ராய்ஸ் லட்லோ, கையிலிருந்த விஸ்கியை ஆட்டியபடி.

கோரின் சாப்பாட்டு மேசையில் திறந்திருந்த கணினித் திரையை வெறித்துக்கொண்டிருந்தாள். கடந்த ஏழு ஆண்டுகளில் போதைப்பொருள் எடுத்ததுண்டா என்று விண்ணப்பம் கேட்டிருந்தது. ஹன்ட்ஸ்வில் நகரத்தில் ராக்கெட் வேலை என்றால் அரசாங்கத்தின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அது இல்லாதவர்கள் தொழிற்சாலை வாசலைக்கூடத் தாண்ட முடியாது. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அனுமதிதான் பாக்கி.

“உண்மையைச் சொன்னா என்ன சார்? அஞ்சு வருஷம் ஆச்சு. லூசி வயித்துல இருக்கான்னு தெரிஞ்ச அன்னைக்கே விட்டாச்சு.”

“நீ ‘ஆமா’ன்னு போட்டா, யாரு குடுத்தான்னு கேப்பாங்க. அப்புறம்?”

மாமனாரின் பார்வை மகன்மேல் போய் நின்றது. அவள் கணவன் கேரட், தன் தட்டிலிருந்த கோழியைக் கிளறிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு முந்தைய கோடையில், நண்பனின் ஏரி வீட்டில் கொக்கைனைக் கோடாக இழுத்து அவள் பக்கம் நகர்த்தியவன் அவன்தான். இதே கேள்விக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு, அதே தொழிற்சாலையில் மூன்று வருடமாகச் சம்பளம் வாங்குகிறான்.

“குடும்பத்துக்காகத்தானே கேக்குறோம், கண்ணு” என்றாள் மாமியார் வெர்னா, அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் பீன்ஸ் வைத்தபடி.

கோரின் ‘இல்லை’யை அழுத்தினாள்.

சில வாரங்களில் விசாரணை அதிகாரி ப்ரூயிட் அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, ஏரி வீட்டுக்கு வந்துபோன ஒருத்தி வாயை விட்டுவிட்டாள். அவளுக்குக் கோரினின் பெயர்தான் நினைவிருந்தது. ப்ரூயிட் நேரே வெர்னாவின் கதவைத் தட்டினாள். வெர்னா பதறவில்லை. ஐஸ் போட்ட தேநீர் கொடுத்து உட்காரவைத்தாள்.

“எங்க பையனுக்கு அந்தக் கருமமெல்லாம் தெரியாதும்மா. அவ வளந்த இடம் அப்படி. ட்ரெய்லர் பேட்டை. சக்கரம் வச்ச தகர வீட்டுல வளந்தவ. நாங்கதான் கூட்டிட்டு வந்து மனுஷியாக்கினோம்.”

மறுவிசாரணைக்கு வரச்சொல்லி கோரினுக்கு அழைப்பு வந்தது. புறப்படும் காலையில் கேரட் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“டோபி குடுத்தான்னு சொல்லிடேன்.”

“என் தம்பியா?”

“அவன்தான் செத்துட்டானே. இனிமே அவனை யாரு என்ன பண்ணப்போறாங்க?”

கூரை வேலை செய்யும்போது விழுந்து செத்த டோபி, சிகரெட்கூடத் தொட்டதில்லை. கோரின் மாமியாரைப் பார்த்தாள். வெர்னா பேத்திக்குத் தலைவாரிக்கொண்டே சொன்னாள்: “அந்தப் பேட்டைப் பையன்னு சொன்னா எல்லாரும் நம்புவாங்க, கண்ணு.”

கோரின் கையை உருவிக்கொண்டாள்.

விசாரணை அறையில் ப்ரூயிட் கத்தாமல் பேசினாள். “அஞ்சு வருஷத்துக்கு முந்தினது. நீங்களே விட்டுட்டீங்க. முதல்லயே ‘ஆமா’ன்னு சொல்லியிருந்தா, அனேகமா அதைப் பெருசு பண்ணியிருக்க மாட்டாங்க. பொய் சொன்னீங்க பாருங்க, அதுதான் உங்களுக்கு வினை.”

ப்ரூயிட் கோப்பைப் புரட்டினாள்.

“யாரு குடுத்தது? உங்க தம்பியா? உங்க மாமியார் இன்னிக்குக் காலைல போன் பண்ணிச் சொன்னாங்க.”

அவளிடமிருந்து சம்மதம் வரும்வரைகூட அவர்கள் காத்திருக்கவில்லை. செத்தவனை அதற்குள் விற்றுவிட்டார்கள்.

“என் தம்பி அந்த ஏரிப்பக்கமே வந்ததில்லைங்க. குடுத்தது என் புருஷன். கேரட் லட்லோ. எழுதிக்கங்க. என்னைப் பொய் சொல்லவச்சது அவரோட அப்பா. அதையும் எழுதுங்க.”

அவளுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. காரணம், பொய். கேரட்டுக்கு ராய்ஸ் நல்ல வக்கீலை வைத்தார். இளமையில் அறியாமல் செய்த பிழை, தானே முன்வந்து வருந்துகிறார் என்று வக்கீல் எழுதினார். ராய்ஸின் பழைய ராணுவ நண்பர்கள் நற்சான்று கொடுத்தார்கள். கேரட் ஒரு எச்சரிக்கையோடு தப்பினான்.

கோரின் லூசியோடு அம்மாவின் ட்ரெய்லருக்குத் திரும்பி, மளிகைக்கடை கல்லாவில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு ஞாயிறு மதியம், தேவாலயத்திலிருந்து நேராக வந்த ஒரு பெண்மணி சாமான்களை எடுத்து வைத்தபடி சொன்னாள்:

“இன்னிக்கு சபையில எல்லார் முன்னாலயும் கேரட் சாட்சி சொன்னான், அழுகையே வந்துடுச்சு. வேலை போனாலும் போகட்டும்னு தானா போய் உண்மையைச் சொன்னானாமே! எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினோம். அப்பேர்ப்பட்டவனை ஏம்மா விட்டுட்டு வந்தே?”

கோரின் முட்டைகளை உடையாமல் பையின் மேலாக வைத்தாள்.

“உண்மையைச் சொன்னது நான்தாங்க” என்றாள். “அவர் சொன்னது அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு. வக்கீல் எழுதிக்குடுத்தப்புறம்.”

பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.