மாஸ்டர் வூட்டுக்காரர்

என் பெண்டாட்டி மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரன் வண்டி வாங்கினால் பொறாமைப்படலாம், பங்காளி மாடி கட்டினால் படலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கட்டின பெண்டாட்டி மேல் பொறாமை என்றால் கேட்கிறவன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் பெயர் ஆரோக்கியராஜ். திண்டிவனத்தில் இந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. செஞ்சி ரோட்டில் பாண்டுரங்கன் ஓட்டல் பரோட்டா மாஸ்டர் என்றால் தெரியும். இருபத்திரண்டு வருஷம் அந்தக் கல்லுக்குப் பின்னால் நின்றவன் நான். ரேஷன் கடையில் மாஸ்டர், சர்ச்சில் மாஸ்டர், சலூனில் மாஸ்டர். கல்யாணமான புதிதில் புனிதாவே கேலியாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். ரோட்டில் யாராவது "மாஸ்டர்" என்று குரல் கொடுத்தால், அது டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைக் கூப்பிட்டதாகவே இருந்தாலும் முதலில் திரும்புகிறவன் நான்தான்.

போன சித்திரையில் வலது தோள் பிடித்துக்கொண்டது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். ஒரு மாதத்தில் சட்டை மாட்டவே கை மேலே போகவில்லை. விழுப்புரம் பஸ் ஏறி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் காட்டினோம். சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தோள் இப்படி இறுகுமாம். சரியாக ஒரு வருஷம் ஆகலாம், இரண்டும் ஆகலாம், அதுவரைக்கும் பரோட்டா வீசுவதை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புனிதா கூட்டேரிப்பட்டில் வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வாங்கி, தோலை மடியில் சேர்த்தபடி தின்றுகொண்டு வந்தாள்.

"இப்ப இன்னா? கை மேல போவல, அவ்ளோதான? வேற பண்ணிக்கலாம்" என்றாள்.

இந்த 'வேற பண்ணிக்கலாம்' இருக்கிறதே, இதைப் பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பால் திரிந்தால் சொல்வாள். பஸ் போய்விட்டால் சொல்வாள். புயலில் எங்கள் வீட்டுக் கூரை ஷீட் பறந்துபோய் அடுத்த தெருவில் விழுந்தபோதும் இதையேதான் சொன்னாள். மறுநாள் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, "பாரு, வூடே வெளிச்சமா ஆயிட்ச்சு" என்று சந்தோஷப்பட்டாள். அப்படி ஒரு பிறவி. கவலைப்பட வேண்டிய நேரத்தில் கூட நின்று கவலைப்படாத பெண்டாட்டியை வைத்துக்கொண்டு வாழ்வது எவ்வளவு கடுப்பு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

புனிதா அதே ஓட்டலில் ஆறு வருஷமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் படுத்ததும் முதலாளி பாண்டுரங்கன் வேறு மாஸ்டர் தேடினார். வந்தவன் நாலு நாளில் ஓடிவிட்டான். அப்போதுதான் இவள், "நான் போட்டுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். ஓட்டலே சிரித்தது. எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தவன் நான்.

முதல் வாரம் அவள் போட்டதெல்லாம் இந்தியா மேப் மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் வட்டமாக வந்தது. மூன்றாம் மாதம் மாவு அவள் கையிலிருந்து சேலை முந்தானை போல விரிந்து விழுந்தது. கல்லூரிப் பையன்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். "லேடி மாஸ்டர், ஒரு செட்டு!" என்று கத்தினார்கள். எனக்கு மார்புக்குக் கீழே கை வேலை செய்யும் என்பதால் முதலாளி பார்சல் மேஜையைக் கொடுத்திருந்தார். என் கல்லிலிருந்து நாலடி தூரத்தில் உட்கார்ந்து, சால்னா பையை ஊதி ஊதி முடிச்சுப் போட்டேன். என் வயிறு எரிந்ததற்குக் கல்லுக்கு அடியில் இருந்த அடுப்பே தோற்றுப்போகும்.

ஒருநாள் டீக்கடையில் புதிதாக ஒருத்தர் என்னைக் காட்டி, "யாரு இவரு?" என்று கேட்டார். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "தெரியலியா? மாஸ்டர் வூட்டுக்காரரு" என்றார். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஐப்பசி அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஜனம் எங்கள் ஓட்டல் வாசலில்தான் இறங்கி ஏறும். வருஷம் முழுக்க வராத கூட்டம் அந்த மத்தியானத்தில் வரும்.

"புனிதா, இத்தினி நாளு வண்டி ஓடிச்சி. அமாவாச கத வேற. அத தாண்டிட்டின்னா கல்லு உன்னுது, நானே நெனச்சாலும் மாத்த மாட்டேன். சொதப்பிட்ச்சுன்னா தெற்கத்தி ஆளுங்க நாலு பேரு ரெடியா கீறாங்க. அவங்களே கல்லு, அவங்களே பார்சலு. அப்பால ரெண்டு பேரும் என்னிய திட்டக் கூடாது" என்றார்.

"வர்ற அமாவாசதானங்க? பாத்துக்கலாம்" என்றாள் புனிதா.

அவள் தோற்றால் எனக்கும் வேலை போய்விடும். இது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்த பிறகும் அந்த நாலு நாளும் அவள் தோற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரவு ஜெபத்தில் நேராகக் கேட்க வெட்கமாக இருந்ததால் வாயை மட்டும் அசைத்தேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் பிடித்த மழை அமாவாசை அன்று காலையில்தான் விட்டது. பதினோரு மணிக்குப் புனிதா மாவைத் தொட்டியில் கொட்டினாள். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஜாடியில் உப்பு கசிந்திருந்தது. மைதா கையில் பிடித்தால் பிடித்தபடி நின்றது. இப்படிப்பட்ட நாளில் மாவே ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், தண்ணீரில் அரைச் சொம்பாவது குறைக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை அடைமழையைப் பார்த்திருப்பேன். கல்லுக்கு வந்த பிறகு அவள் பார்த்ததெல்லாம் வெயில்தான். அவள் வழக்கம்போல நாலு சொம்புக்குத் தயாரானாள். ஒன்று, இரண்டு, மூன்று.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மளிகைக்கடை ஆள் தோளில் மூட்டையோடு வந்து நின்று, "மாஸ்டர், எங்க எறக்கட்டும்?" என்றான்.

"உள்ள வெச்சிடு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்து இளித்தான். "உங்கள இல்லண்ணா, மாஸ்டர கேட்டேன்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். நாலாவது சொம்பும் உள்ளே போனது. பிசைந்துகொண்டிருந்தவள் நடுவில் கையை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் ஓட்டல் சுவரில் ஓடிக்கொண்டிருந்த டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மணிக்குக் கூட்டம் வந்து இறங்கியது. மஞ்சள் சேலையும் வேப்பிலை கட்டிய வேனுமாக ரோடே நிறைந்துவிட்டது. புனிதா முதல் உருண்டையைத் தட்டி எடுத்து வீசினாள். மாவு பலகையில் பாதி ஒட்டிக்கொண்டது, கையில் பாதி கிழிந்து வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அவள் முழங்கையில் போய்ச் சுற்றிக்கொண்டது. மைதாவைத் தூவிப் பார்த்தாள், எண்ணெயைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னாமா, ஜல்தியா போடு, பஸ்ஸு பூடும்!" என்று ஒருத்தர் கத்தினார். "பழய மாஸ்டர் இருந்தா இந்நேரம் அம்பது போட்ருப்பாரு" என்றார் இன்னொருத்தர். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்துப் பிரயோஜனம் இல்லை. ஆறு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி லேசாக இருந்தது. 'பழைய மாஸ்டர்' என்ற வார்த்தையை மனதுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

புனிதா கையில் ஒட்டிய மாவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அவள் கீழ் உதடு நடுங்கியது. அதை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. பிறகு மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, "சரி, வேற பண்ணிக்கலாம்" என்றாள்.

எண்ணெயைக் கையில் பூசிக்கொண்டு, மாவைக் கை கையாகப் பிய்த்துக் கல்லில் போட்டு அடை மாதிரி தட்டினாள். வெந்ததும் கொத்து போடுகிற தகடு இரண்டையும் கையில் எடுத்தாள்.

"ஏம்மா, கொத்தா? அமாவாசைக்கு முட்ட எவன் துன்னுவான்?" என்று பதறினார் முதலாளி.

"முட்ட வாணாங்க" என்றவள், குருமாவுக்கு வைத்திருந்த கோஸையும் கேரட்டையும் அள்ளிக் கொட்டினாள். சட்னிக்கு வறுத்து வைத்திருந்த மல்லாட்டையை இரண்டு கை அள்ளி உடைத்துத் தூவினாள். குருமாவை ஊற்றிக் கொத்த ஆரம்பித்தாள்.

அவள் கொத்தியது கேட்கச் சகிக்கவில்லை. கொத்துக்கு ஒரு தாளம் உண்டு. என் கொத்துச் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஆளை இழுத்து வரும். இவள் கொத்தியது ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுகிற மாதிரி இருந்தது. ஆனால் வாசனை வந்தது. வரிசை முன்னால் நகர்ந்தது. மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "மாஸ்டரு, இதுக்குப் பேரு இன்னா?" என்றார்.

"மல்லாட்ட கொத்து" என்றாள் புனிதா, என்னவோ பல வருஷமாகப் போடுகிறவள் மாதிரி.

அதற்குப் பிறகு எனக்குத் தலை நிமிர நேரமில்லை. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் பார்சல் பார்சல் என்று மேஜையை மொய்த்தார்கள். நான் கட்டிக்கொண்டே இருந்தேன். அஞ்சரை மணிக்குத் தொட்டி காலி. முதலாளி கடைசிப் பிடியைத் தானே வழித்துத் தின்றுவிட்டு, "கல்லு உன்னுதுதாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புனிதா கையைக் கழுவிக்கொண்டு, இரண்டு டீயோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முழங்கையில் மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

"பெசையறப்பவே எனக்குத் தெரிஞ்சிது, மாவு எளகிக்கினே போவுதுன்னு. உன்ன பாத்தேன்" என்றாள்.

நான் டீயைப் பார்த்தேன்.

"நீ டிவிய பாத்துக்கினு இருந்த."

"வெளம்பரம் ஓடிக்கினு இருந்துச்சு" என்றேன். இதைவிடக் கேவலமான பதிலை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"வாயில இன்னா, கொழுக்கட்டையா வெச்சிருந்த?" அவள் குரலை உயர்த்தவில்லை. "மாவு கிழிஞ்சப்ப எல்லாரும் கத்தினாங்க. கத்தட்டும், அவுங்க துட்டு குடுத்து துன்ன வந்தவங்க. திரும்பி உன்ன பாத்தேன். உன் மூஞ்சி சிரிச்சிக்கினு இருந்துச்சு."

அவள் அடுத்த வார்த்தையைச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். பாலுக்குச் சொன்னாள், பஸ்ஸுக்குச் சொன்னாள், பறந்துபோன கூரைக்குச் சொன்னாள். எனக்கும் சொல்லிவிடுவாள், டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன்.

"அதுக்கு வேற இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல" என்றாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று வீட்டில் அவள் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நீலத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். யாரும் என்னைக் கைவிட்டதில்லை. அவள் கைவிட்டுவிட்டாளோ என்று பயந்தேன்.

மறுநாளும் தூறல். பதினோரு மணிக்குப் புனிதா தொட்டியில் மாவைக் கொட்டினாள். என் பக்கம் திரும்பவில்லை. ஒரு சொம்பு, இரண்டு, மூன்று. நாலாவதை மொண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊற்றவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

நான் பார்சல் மேஜையை விட்டு எழுந்தேன். அந்த நாலடியை நடக்க எவ்வளவு நேரம் ஆனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"காத்து ஈரமா கீது. அரச் சொம்பு போதும்" என்றேன். "போதும், மாஸ்டர்."

அவள் சொம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யார சொன்ன?"

"உன்னத்தான்."

"இன்னோர் வாட்டி சொல்லு."

"அதெல்லாம் ஒரு வாட்டிதான்."

அவள் பாதியை மட்டும் ஊற்றினாள். மீதியைக் குடத்திலேயே திருப்பிக் கொட்டினாள். மாவில் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வயிறு எரியுதா?"

"எரியுது" என்றேன். பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"எரியட்டும். கல்லு காயணுமில்ல."

நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.