ஆணி வாங்கிப் போனவள்

1.

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. மட்டாட்டு வேனில் பொறுக்கினேன். கிசுமுவிலிருந்து போண்டோ போகும் சாலை. பதினாலு பேர் உட்காரும் வண்டியில் இருபது பேரை அடைத்திருந்தார்கள். எனக்கு முன்சீட்டில் இரண்டு ஆண்கள், முனைத்தோலை வெட்டிக்கொள்வதா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏரிக்கரை எங்கும் சுன்னத்து முகாம் கூடாரங்கள் முளைத்திருந்த வருஷம் அது. முடி வெட்டப் போனாலும் அதே பேச்சு, மீன் வாங்கப் போனாலும் அதே பேச்சு. லுவோ இனத்து ஆம்பளை வெட்டிக்கொள்வதில்லை, அது மற்ற ஜனங்கள் செய்கிற காரியம் என்றார் ஒருவர். வெட்டிக்கொண்டால் எய்ட்ஸ் கிட்டேயே வராது, டாக்டரே சொல்லிவிட்டார் என்றார் இன்னொருவர். அப்படி ஒன்று இருந்தால்தானேய்யா வருவதற்கு என்றார் முதலாமவர்.

ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் செய்தித்தாளில் கட்டிய ஆணிப் பொட்டலம். கூரைத் தகரத்துக்கு அடிக்கிற, தலை விரிந்த ஆணிகள். இரண்டு ஆணி காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தன. இறங்கும் இடம் வந்ததும் வண்டியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினாள். இறங்கும்போது அந்த இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டாள்.

“அது கிடக்கட்டும். உங்க ரெண்டு பேர்ல யாராவது விரலைக் குத்திப் பாத்திருக்கீங்களா?”

வண்டி கிளம்பிவிட்டது. எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான். இனிமேல் வருவதெல்லாம் நான் கட்டியது, அவள் பெயர் உட்பட. அபோண்டி என்று வைத்திருக்கிறேன்.

2.

முதல் ஆரம்பம்: ‘ஆராய்ச்சிகளின்படி, ஆண்களின் முனைத்தோலை அகற்றுவதன் மூலம்…’ அடித்துவிட்டேன். கதை கேட்க வந்தவரை ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்துவது நியாயமில்லை.

(ஆனாலும் ஆராய்ச்சியை அடியோடு விரட்ட முடியாது. இந்த அடைப்புக்குறிக்குள் ஓர் ஓரமாக உட்காரட்டும். வெட்டிக்கொண்ட ஆணுக்கு, பெண்ணிடமிருந்து தொற்றுகிற ஆபத்து பாதிக்கும் மேல் குறைகிறது. அது நிஜம். குறைகிறது என்றுதான் சொன்னார்கள், ஒழிகிறது என்று சொல்லவில்லை. அதோடு, ஏற்கெனவே தொற்றியவன் வெட்டிக்கொண்டால், அவனோடு படுப்பவளுக்கு அந்த வெட்டு ஒரு காவலும் தராது. புண் ஆறுமுன் படுத்தால் அவளுக்கு ஆபத்து கூடவே செய்யலாம். கூடாரத்தில் இதையெல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். வீடு வந்து சேர்வதற்குள் பாதி வழியில் கொட்டிவிடுகிறது.)

இரண்டாம் ஆரம்பம்: ‘கணவனை இழந்த அபோண்டி கண்ணீர்…’ எங்கே அழுதாள்? ஆணி அல்லவா வாங்கிக்கொண்டு போனாள்! இந்த வரியை எழுதிய என் கையை நானே அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் ஆரம்பம் நிற்கும் என்று தோன்றுகிறது: அபோண்டியின் கூரை ஒழுகியது, ஊரில் ஒருவனும் ஏறிச் சரிசெய்ய மாட்டான்.

3.

ஏன் மாட்டான்? புருஷன் செத்தவள் வீட்டில், அவளை அவன் வழி ஆண் ஒருவன் ஏற்றுக்கொள்ளும்வரை, யாரும் ஆணி அடிக்கக் கூடாது. ஏற்றுக்கொள்வது என்றால் ஓர் இரவு அவளோடு படுத்து எழுவதிலிருந்து தொடங்குகிற ஏற்பு. அதற்கு முன் அடித்தால் அடித்தவனுக்கும் சிரா, அவளுக்கும் சிரா. முறை தவறியவரை உள்ளிருந்தே உருக்கி எலும்பாக்கிக் கொல்லும் சாபம் அது. தச்சன் கூலியைக் கேட்கக்கூட இல்லை. “எனக்கும் புள்ளகுட்டி இருக்குது, தாயி” என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவள் கணவன் தோபியாஸும் உருகித்தான் செத்தான். கிருமி இருந்தது, மாத்திரை இருந்தது, நடுவில் மாத்திரையை நிறுத்தினான். அபோண்டிக்குக் கிருமி இல்லை. மூன்று முறை விரலைக் குத்தி ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டாள். ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத வீடுகள் ஏரிக்கரையில் நிறையவே உண்டு. ஆனால் ஊர் அவளைப் பார்க்கும்போதெல்லாம், இவளும் போகப் போகிறவள்தானே என்கிற பார்வையைத்தான் பார்த்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தப்பித்தது ஒரு தடவை. இனி அது தன் உடம்பில் ஏறக் கூடாது, தன் மகள் இன்னொரு சாவைப் பார்க்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது இது ஒன்றுதான். கதைக்கும் வேண்டியது இதுதான்.

ஏற்க வரப்போகிறவன் தோபியாஸின் தம்பி ஒடுண்டோ, படகுக்காரன். (அவனுக்கு மில்லிசென்ட் என்று ஒரு மனைவி ஏற்கெனவே உண்டு. அவளும் பேசவேண்டியவள்தான். கதையில் இடம் இல்லை என்று ஓரமாக நிற்க வைத்திருக்கிறேன். முறைக்கிறாள்.)

அடுத்து, மாமனார். ஒகுட்டு வாத்தியார். முப்பது வருஷம் அறிவியல் நடத்தியவர், எய்ட்ஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பவர். இவரை ஒரு கோமாளியாக எழுதி வைத்திருந்தேன். அந்தப் பக்கங்கள் படிக்க ஜோராக இருந்தன. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. அறிவுள்ள மனிதன் ஒரு பொய்யை இவ்வளவு இறுக்கிப் பிடித்தால், விட்டால் என்ன விழும் என்று பயப்படுகிறான்? காட்சியை எழுதிப் பார்த்தால் தெரியும் என்று உட்கார்ந்தேன்.

4.

கல்யாணமான மகன் வீட்டுக்குள் அப்பன் கால் வைப்பது முறையில்லை, மகன் போய்ச் சேர்ந்த பிறகும். ஆகவே வாத்தியார் முற்றத்து மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒடுண்டோ உட்காரவில்லை. மனைவியின் பூப்போட்ட துணியை இடுப்பில் தளரச் சுற்றிக்கொண்டு, காலை அகட்டி நின்றான். வெட்டிக்கொண்டு வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது.

“அண்ணி, அடுத்த வாரம் நாள் குறிச்சாச்சு” என்றான். “மழைக்கு முன்னாடி உங்க கூரைய நானே ஏறி அடிச்சுத் தந்துடறேன்.”

“நிக்கவே முடியல. இதுல கூரை வேற ஏறப்போறீங்களா?”

வாத்தியார் சிரிப்பை இருமலாக்கினார். “நல்லாக் கேளும்மா! நம்ம முன்னோருங்க கீழ்ப்பல்லு ஆறைப் புடுங்கினாங்க, அதுதான் நமக்கு அடையாளம்னு இருந்தாங்க. வெள்ளைக்காரன் வந்து, சீ, காட்டுமிராண்டின்னான். விட்டுட்டோம். இப்ப அவனே கத்தியத் தூக்கிக்கிட்டு வந்து இத வெட்டுங்கறான். இல்லாத நோய்க்கு இருக்கற தோலக் குடுத்துட்டு வாத்து மாதிரி நடக்கறான் பாரு, எம்புள்ள!”

“நோய் இருக்குப்பா. எனக்கு வராது. அவ்ளோதான்.”

“இல்லாதது எப்பிடிடா வரும்?”

“வராதுன்னுதான நானும் சொல்றேன்!”

அப்பனும் மகனும் காலையிலிருந்து இதையே அரைத்துக்கொண்டிருந்தார்கள். அபோண்டி படியில் உட்கார்ந்து ஒமேனா என்கிற பொடிமீனில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்தை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கூடாரத்துல உங்க விரலக் குத்தினாங்களா?”

“சுத்தமானவனத்தான் வெட்டுவாங்க, அண்ணி. ஊருக்கே தெரியுமே. கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்கன்னா ஆளு சுத்தம்னு அர்த்தம்.”

(அந்த வருஷம் ஏரிக்கரை முழுக்க இந்த நம்பிக்கை இருந்தது. கட்டுப் போட்டவன் அதையே நற்சான்றிதழ்போலச் சொல்லிக்கொண்டு பெண் தேடினான். பெண்களும் நம்பினார்கள். இந்தக் கதையில் வில்லன் என்று யாராவது இருந்தால் அது இந்த நம்பிக்கைதான்.)

“நான் கூடாரத்துக்கே போய்க் கேட்டுட்டு வந்தேன்” என்றாள். “ரத்தப் பரிசோதன வேணாம்னு சொல்றவங்கள வற்புறுத்த மாட்டாங்களாம். அவங்களுக்கும் வெட்டித்தான் அனுப்புவாங்களாம். உங்களக் குத்தினாங்களா, இல்லையா?”

ஒடுண்டோ மாமரத்துக்கடியில் கிளறிக்கொண்டிருந்த கோழியைப் பார்த்தான்.

“புண்ணு ஆற ஆறு வாரம்னு சொல்லியிருப்பாங்களே, அதாவது காதுல விழுந்துச்சா? அடுத்த வாரம் நாள் குறிச்சிருக்கீங்க.”

“அதெல்லாம் சத்தில்லாதவங்களுக்குச் சொல்றது. நான் மீன் தின்னு வளந்தவன்.”

“தோபியும் அதே ஏரி மீனத்தான் தின்னாரு.”

வாத்தியார் நாற்காலியில் நிமிர்ந்தார். “தோபி செத்தது சிராவுல. உன் மாமியா விதைக்கறதுக்கு முன்னாடி நீ சோளம் விதைச்சேல்ல? மூத்தவ கை மண்ணுல படாம இளையவ கை படலாமா? இப்ப இதையும் தள்ளிப் போட்டேன்னா உன் பொண்ணைத்தான் புடிக்கும். அவன் வரட்டும். இந்தக் குத்தற கதையெல்லாம் வேணாம்.”

“அதான அண்ணி, அப்பாவே சொல்லிட்டாரு” என்றான் ஒடுண்டோ.

நோய் இல்லை என்கிறவரும், நோய் தனக்கு மட்டும் வராது என்கிறவனும் இப்படிக் கைகோத்துக்கொண்டார்கள். எனக்கு எழுதும்போதே ஆத்திரம் வந்தது. அபோண்டிக்கு வரவில்லை. அவள் இதை எதிர்பார்த்தே இருந்தாள்.

“நான் முறைய வேணாங்கல. முறையில விரலக் குத்தக் கூடாதுன்னு எங்க சொல்லியிருக்கு? கூடாரம் இன்னும் சந்தையிலதான் இருக்கு. நாளைக்கு ரெண்டு பேரும் போவோம். பக்கத்துல பக்கத்துல உக்காந்து குத்திக்குவோம். எனக்கு இல்ல. இனியும் வர விடமாட்டேன். அத மட்டும் தெளிவாச் சொல்லிடறேன்.”

“என்னடி, ஆம்பளையச் சந்தேகப்படறியா நீ?”

‘அண்ணி’ போய் ‘என்னடி’ வந்துவிட்டது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் மாமனார் பக்கம் திரும்பினாள்.

“மாமா, எட்டாங் கிளாசுல நீங்கதான் எனக்கு டீச்சரு. சுண்ணாம்புத் தண்ணியில குழாய வெச்சு ஊதச் சொன்னீங்க. பால் மாதிரி ஆச்சு. பாக்காம எழுதினவனுக்கு முட்டிக்கு முட்டி அடி குடுத்தீங்க. அதத்தான் நானும் கேக்கறேன். நீங்களும் வாங்க. கிருமியே கிடையாதுன்னா எவ்ளோ குத்தினாலும் ஒண்ணும் வராது. நீங்க ஜெயிச்சீங்க.”

வாத்தியார் பேசியபோது வகுப்பறைக் குரல் காணாமல் போயிருந்தது.

“வந்துட்டா?” என்றார். “இருக்குன்னு வந்துட்டா, நான் தோபிக்கு என்ன பண்ணியிருக்கேன்? அந்த மாத்திரைய ஏரியில வீசுடான்னு நான்தான சொன்னேன்.”

5.

இந்தக் கடைசி வரியை எழுத நான் திட்டமிட்டிருக்கவில்லை. வந்துவிட்டது. கோமாளிப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். அவர் சொல்வது பொய், அந்தப் பொய்யில் மகன் செத்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பொய்யை விட்ட கணமே மகனைக் கொன்றவர் ஆகிவிடுவார் என்பதும் எனக்குப் புரிந்தது. அபோண்டிக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் எழுந்து போய் அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

முடிவுக்கு வருவோம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. மறுநாள் ஒடுண்டோ கூடாரத்துக்கு வருகிறான், குத்துகிறார்கள், இல்லை என்று வருகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். சுகாதாரத் துறைச் சுவரொட்டியில் வரையலாம். வேண்டாம்.

இரண்டு. அவள் இணங்கிப்போகிறாள். அடுத்தடுத்த மழைக்குள் இளைத்து, இருமி… இது நடக்காததல்ல. பல வீடுகளில் நடந்தது. நடந்தது என்பதாலேயே எழுத மாட்டேன். எடுத்த பேனாவுக்கெல்லாம் இப்படிப்பட்ட பெண்ணைச் சாகடித்தே பழக்கமாகிவிட்டது. என் கையால் அது நடக்காது.

மூன்று. மகளைக் கூட்டிக்கொண்டு கிசுமு நகரத்துக்குப் பஸ் ஏறுகிறாள். இரண்டு வாக்கியம் எழுதுவதற்குள் அவள் குறுக்கே வந்தாள். “என் வீட்ட விட்டு நான் எதுக்குப் போகணும்? ஆணி வேற வாங்கியாச்சு.”

அந்த இரண்டு வாக்கியத்தையும் அடித்துவிட்டேன்.

6.

ஏரிப் பக்கம் மேகம் கறுத்துவிட்டது. முதல் பெருமழை. ஏறி அடிக்க மாட்டேன் என்று கும்பிட்டுப் போன தச்சன், தன் ஏணியை அவள் வீட்டுச் சுவரில் ‘மறந்து’ சாத்திவிட்டுப் போயிருக்கிறான். அவனால் முடிந்தது அவ்வளவு.

பெண் கூரை ஏறுவதற்கும் சிரா உண்டு. அபோண்டி ஏறுகிறாள். பாவாடையை முடிந்து கட்டிக்கொண்டு, சுத்தியலை இடுப்பில் செருகி, ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு. முதல் ஆணி வளைந்துவிட்டது. இரண்டாவது இறங்கியது. அந்தச் சத்தம் பக்கத்து வளவு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றே இன்னும் ஓங்கி அடித்தாள்.

ஏணிக்கு ஒரு கால் குட்டை. அதன் உச்சியில் நின்று அவள் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஆடுகிறது. காற்று வேறு கிளம்பிவிட்டது. கூரையில் பாதிகூட முடியவில்லை. நான் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடுவாளோ என்று பதறிக்கொண்டிருக்கும்போது, ஏணி ஆட்டம் நின்றது.

கீழே யாரோ பிடித்திருக்கிறார்கள்.

ஒடுண்டோவாக இருக்கலாம், விரல் நுனியில் பஞ்சு ஒட்டியிருக்கலாம். வாத்தியாராக இருக்கலாம். அவர் மகன் வீட்டுக்குள்தான் போகக் கூடாது, ஏணி வெளியேதானே இருக்கிறது. மில்லிசென்ட்டாகவும் இருக்கலாம். இந்தக் கதையில் ஒரு வார்த்தை பேச விடாமல் நான் ஓரம் கட்டியவள், அவள் உயிரும் இதே கேள்வியில்தான் தொங்குகிறது. குனிந்து பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும். பார்க்கப் போவதில்லை.

அபோண்டியாலும் திரும்ப முடியவில்லை. வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டு, தகரத்தைப் பார்த்தபடியே கேட்கிறாள்.

“யாரு கீழ? விரலக் குத்திப் பாத்தாச்சா?”

உங்களைத்தான் கேட்கிறாள். முதல் தூறல் விழுந்துவிட்டது. பதிலை யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் ஏணியிலிருந்து கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.