தூங்கிய தாழி

நிக்காசியாவின் வலது தோள் தனியாகக் கழன்று தொங்குவதுபோல் வலித்தது. ஆறு மாதமாகப் புது வீட்டுக்குச் சேறு குழைத்து மண்கல் அறுத்த தோள். போதாததற்கு நேற்று விடியலில் தொடங்கி இன்று விடியும்வரை சிச்சா என்னும் மக்காச்சோளக் கள்ளுக்கான கொப்பரையைத் துழாவியிருந்தாள். துடுப்பைக் கீழே வைத்த பிறகும் விரல்கள் அதைப் பிடித்த வாக்கிலேயே மடங்கிக் கிடந்தன. இடது கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டாள்.

"பக்கத்து வீட்லயே வாங்கியிருக்கலாம்" என்றான் அவள் புருஷன் ஹிலாரியோ, அடுப்புச் சாம்பலைத் தள்ளிக்கொண்டே.

"நம்ம கூரைக்கு அடுத்தவ சிச்சாவா? நாளைக்குத் தெருவுல தலை காட்ட வேணாமா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கம் கூரை போட வருகிறவனுக்குக் கூலி கிடையாது. ஊர் ஆட்கள் ஒரு நாள் வந்து கைமரம் ஏற்றி, நாணல் பரப்பி, சேறு அப்பி, ஓடு வேய்ந்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரன் அந்த ஒரு நாளை ஒவ்வொருவர் வயலிலும் பிற்பாடு உழைத்துத் திருப்புவான். அன்றைக்கு அவன் தரவேண்டியது சாப்பாடும் சிச்சாவும். சிச்சா அவன் வீட்டு அடுப்பில் காய்ந்ததாக இருக்க வேண்டும். விலைக்கு வாங்கி ஊற்றினால் வந்தவர்கள் குடிப்பார்கள், அப்புறம் ஆயுளுக்கும் பேசுவார்கள்.

நாளும் தள்ளிப்போட முடியாது. சுவர் எழும்பி நிற்கிறது, அத்தனையும் சுடாத மண். மழைக்கு முன்னால் கூரை ஏறவில்லையென்றால் முதல் பெருமழையிலேயே சோப்புக் கட்டிபோல் கரைந்து முற்றத்தில் ஓடும். ஒரு நாள் தவறினால் ஆட்கள் விதைப்புக்குப் போய்விடுவார்கள்.

ஆறிய சாற்றை மூன்று தாழிகளில் ஊற்றி, புளிக்கவைக்கப் பழைய மண்டியில் ஒரு கை போட்டுத் துணி கட்டினார்கள். முளைகட்டிய மக்காச்சோளத்தின் சாறு முதல் நாள் குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சிதான். ஒரே தித்திப்பு. மறுநாள் தாழி பேசத் தொடங்கும். காதை வைத்தால் தூரத்தில் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம். நுரை துணியை முட்டும், வீடு முழுக்க ஈரமாவு வாசனை. பிறகு அந்தச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கும். இனிப்பு கரைந்துபோய் நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று ஒன்று வரும். மண்டி அடியில் படிந்து, மேலே மஞ்சளாகத் தெளியும். அப்போதுதான் அது குடிக்கிற சிச்சா.

தூறல் சத்தம் கேட்ட மறுநாள் தெற்கிலிருந்து குளிர்காற்று இறங்கியது. குளிர்காலம் முடிந்த செப்டம்பரில் வரக்கூடாத குளிர். நாய்கள்கூட வாசலுக்கு வரவில்லை. இரண்டு இரவு அடித்தது. மூன்றாம் நாள் காலையில் நிக்காசியா தாழியில் காதை வைத்தாள். சத்தமே இல்லை.

"அடங்கிருச்சு போல" என்றாள்.

ஹிலாரியோவும் காதை வைத்துப் பார்த்தான். "ஆமா. சுத்தமா அடங்கிருச்சு."

அவள் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். "இனிப்பா இருக்கே."

"சோளம் அப்படி. நல்ல சோளம்ல."

பக்கத்து வீட்டுத் தமியானாவிடம் ஒரு வாய் கொடுத்துக் கேட்டிருக்கலாம். விற்பனைக்கு அடையாளமாக வாசலில் வெள்ளைக்கொடி கட்டி இருபது வருடமாகச் சிச்சா விற்கிறவள். ஆனால் காய்ச்சத் தொடங்கிய அன்றே அவள் மதிற்சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்னடி, புகை பலமா இருக்கு. சிச்சா காய்ச்சுறியா, ஓடு சுடுறியா?" என்று கேட்டிருந்தாள். அதற்குப் பிறகு நிக்காசியா அந்தச் சுவர்ப் பக்கமே திரும்பவில்லை. தாழிகளின் வாயைச் சேறு வைத்து அடைத்தாள்.

கூரை நாளன்று வெயில் சுள்ளென்று வந்தது. தாழிகளை முற்றத்துக்கு நகர்த்திவைத்துச் சேற்றை உடைத்தார்கள். ஒன்பது பேர் வந்திருந்தார்கள். தமியானாவின் புருஷன் செவேரோதான் முதல் குடுக்கையை வாங்கினான். மண்ணுக்குக் கொஞ்சம் சிந்திவிட்டு மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தான்.

"தங்கச்சி, இது சிச்சாவா பாயசமா?"

"குடிக்கத் தெரியாதவனுக்கு எல்லாம் பாயசந்தான்" என்றான் ஹிலாரியோ.

"இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு. என் பல்லுதான் கூசுது."

இனிப்பாக இருந்ததால் வழக்கத்தைவிடக் கூடவே குடித்தார்கள். கைமரம் ஏறியது, நாணல் ஏறியது. வெயில் ஏற ஏறத் தாழிகளும் சூடாகின. நிக்காசியா மறுபடி மொள்ளப் போனபோது நுரை கழுத்துவரை வந்து வழிந்துகொண்டிருந்தது. குனிந்து கேட்டாள். தூறல் சத்தம் திரும்ப வந்திருந்தது.

தாழிக்குள் நடந்தது வயிறுகளுக்குள்ளும் நடந்தது. முதலில் இறங்கியது செவேரோ. ஏணியைக்கூடப் பார்க்காமல் குதித்துச் சோளக் கொல்லைக்குள் ஓடினான். மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் பாதிச் சிரிப்பிலேயே இறங்கினார்கள். நடுப்பகலுக்குள் கூரையில் ஹிலாரியோ மட்டும் நின்றான். சேறு பூசிய நாணல்மீது பாதிக்குத்தான் ஓடு. ஆட்கள் சுவரோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து, "நான் வீட்டுக்குப் போறேன், அண்ணி. கோவிச்சுக்காதீங்க" என்றான். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

தமியானா சுவரேறி வரவில்லை. வாசல் வழியாகவே, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாக வந்தாள். குடுக்கையில் கொஞ்சம் எடுத்து மோந்து பார்த்து, ஒரு வாய் வைத்துத் துப்பினாள்.

"குளிர்ல தூங்கிப்போச்சு. நீங்க ரெண்டு பேரும் பெரிய மனுஷியாயிட்டான்னு நெனச்சு சபையில கொண்டாந்து நிறுத்திட்டீங்க. இன்னும் பால்குடி மறக்கலடி இது."

நிக்காசியா தாழி விளிம்பில் வழிந்த நுரையைக் கையால் துடைத்தாள்.

"ஒரு கம்பளி போத்தியிருந்தா முழிச்சிருக்கும். கேட்டா நான் என்ன காசா கேப்பேன்?"

"கேட்டிருந்தா வருஷம் பூரா சொல்லிக்காட்டுவீங்க, அக்கா."

"இப்ப மட்டும் சொல்ல மாட்டேனா?"

கொல்லையிலிருந்து செவேரோ திரும்பி வந்தான், முகம் வெளுத்து. தமியானா அவனைப் பார்த்தாள், பாதிக் கூரையைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள்.

"கடப்பாரை எடுத்துட்டு வாய்யா" என்றாள்.

"எதுக்கு?"

"வில்மா தாழிக்கு."

செவேரோ அசையவில்லை. "அது கல்யாணத்துக்கு வச்சதுல்ல?"

"மாப்பிள்ளை இன்னும் புவேனஸ் ஐரெஸ்ல செங்கல் தூக்கிட்டிருக்கான். மழை அவனைவிடச் சீக்கிரம் வந்துரும் போல. போய்த் தோண்டு."

அது போன வருடம் பிப்ரவரியில், கார்னிவல் பண்டிகையின்போது, மகள் வில்மா கல்யாணத்துக்கென்று தமியானா முற்றத்தில் புதைத்த தாழி. சேற்று மூடியைத் தட்டி எடுத்தபோது நுரை இல்லை, சத்தம் இல்லை. உள்ளே இருந்தது பழைய செம்பின் நிறம். வாசனை மட்டும் எழுந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள்வரை போனது: தீய்ந்த ரொட்டி ஓரம், உலர்ந்த அத்தி, மழை நனைத்த மண். இனிப்பு எப்போதோ போயிருந்தது. அதற்குப் பின் வந்த புளிப்பும் முனை மழுங்கி, நாக்கைக் கடிக்காமல் தொண்டையில் சூடாக இறங்கியது. தொப்பியை எடுத்தவன் அதைத் திரும்பக் கழற்றிவைத்தான்.

"அரைக் குடுக்கைதான்" என்றாள் தமியானா. "மேல ஏறிட்டு வந்து மிச்சம். ஓடு மேல எவனாவது வழுக்கினா நான் பொறுப்பில்ல."

வயிறு முழுசாகச் சரியாகவில்லை. ஆனாலும் ஏறினார்கள். நிக்காசியா அதே தோளில் ஓடு சுமந்து ஏணியடியில் கொடுத்தாள். முகட்டில் பூச்சுற்றிய சிலுவையை ஹிலாரியோ நட்டபோது முதல் துளி அவன் கழுத்தில் விழுந்தது. இந்த முறை தூறல் ஓட்டின் மேல்தான் கேட்டது. தமியானாவின் தாழியில் மண்டி மட்டும் மிச்சம்.

நிக்காசியாவின் மூன்று தாழிகளும் வெயில் கண்டு அடுத்த வாரம் தாமாகவே அடங்கித் தெளிந்தன. அருமையான சிச்சா. முழுத்தாழி ஒன்றைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் தமியானா வாசலில் போய் நின்றார்கள்.

அவள் குடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "நல்லாயிருக்கு. கொண்டு போங்க. நான் குடுத்தது பழசு. பழசாத்தான் வாங்குவேன்."

அந்தத் தாழியை அன்றைக்கே புதைத்தார்கள். மறுவருட மழையில் மூடிச் சேறு விரிசல் விட்டு, எடுத்தபோது காடியாகி ஊறுகாய்க்குத்தான் ஆனது. இரண்டாவதாகப் புதைத்ததை, பக்குவம் பார்க்கிறேன் என்று ஹிலாரியோவும் அவன் மச்சானும் ஒரு பண்டிகைக்குத் திறந்தார்கள். பக்குவம் நன்றாக இருந்தது என்று பாதித் தாழி காலியான பிறகு சொன்னார்கள். வில்மா கல்யாணம் பாட்டில் பீரோடு நடந்து முடிந்தது. ஒவ்வொரு பாட்டில் திறக்கும்போதும் தமியானா நிக்காசியாவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

மூன்றாவது தாழி இப்போது கூரைக்குக் கீழேயே, கட்டில் காலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. மழை படாது, ஹிலாரியோ கையும் படாது. அவன் படுக்கிற பக்கத்துக் கால் இல்லை அது. தமியானாவுக்கு இந்த வீடு தரவேண்டியது ஒரு தாழிச் சிச்சா, ஒன்றரை வருடம் மண்ணுக்குள் இருந்தது. இன்னும் தரவில்லை.